நரி முகம்

சிங்காரவேலு மூன்றாவது தடவையாக ஸ்டார்ட்டிங் ராடைச் சொருகிச் சுழற்றியும் அம்பாசிடர் இருமியதே தவிர கிளம்பவில்லை. தை பிறந்து ஏழு நாள். பனி கார் கூரையில் விழுந்து கண்ணாடி வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் காதோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சாமிக்கண்ணுவுக்கு, பாகூரிலிருந்து வாடகைக் கார் பிடித்ததே தப்பு என்று பட்டது. அவருக்கு மாட்டுவண்டியைத்தான் நம்பத் தெரியும். மாடு சண்டித்தனம் செய்தால் ஏன் செய்கிறது என்று அதன் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிடலாம். காரையும் கரும்பு ஆலைக்காரனையும் எதைப் பார்த்துச் சொல்வது? பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு உட்கார்ந்ததில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எழுதிக் காட்டுகிற எவனையும் நம்பக் கூடாது. அறுபத்துமூன்று வயதில், எழுதாமல் பேசுகிறவனையும் நம்பக் கூடாது என்பதைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேரா போறாங்களோன்னு வண்டி யோசிக்குது," என்றான் முன் சீட்டில் இருந்த நடேசன்.

"தூ, வாயக் கழுவு. நாலு பேரு. டிரைவரையும் சேத்து நாலு," என்றாள் தையலம்மாள். சாமிக்கண்ணுவின் தங்கை. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்பக் கூடாது என்பதில் அவள் கண்டிப்பு.

குனிந்த வாக்கிலேயே சிங்காரவேலு கேட்டான்: "நாலாவது ஆளுன்னா எனக்கும் எல போடுவாங்களாம்மா?"

"போடுவாங்கடா. மொதல்ல வண்டியக் கெளப்பு."

நான்காவது சுழற்றலில் கார் உறுமிக்கொண்டு எழுந்தது. வாசல் கதவுக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி, சாமிக்கண்ணுவின் மகள் கமலவேணி நின்றிருந்தாள். அவளுடைய புடவைத் தலைப்பு மட்டும் கதவிடுக்கில் தெரிந்தது. சாமிக்கண்ணு அந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

செலியமேட்டிலிருந்து மங்கலத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறார்கள். கமலவேணிக்கு வயது இருபத்தேழு. தாய் இல்லாத பெண். இதற்கு முன் நான்கு இடம் வந்து நான்கும் தட்டிப்போயிருந்தன. ஒன்று பல்லி சொன்னதால், ஒன்று பூனை குறுக்கே போனதால். மற்ற இரண்டுக்கும் காரணம் சொல்லக்கூட ஆள் வரவில்லை. இது நடேசன் கொண்டுவந்த இடம். மாப்பிள்ளையின் தகப்பன் சின்னப்பிள்ளை அவனுக்குத் தாய்வழி மாமா. இன்று போய் வீடு வாசலைப் பார்த்து, பிடித்திருந்தால் அங்கேயே கை நனைத்துவிட்டு வர வேண்டும். கை நனைப்பதென்றால் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. சாப்பிட்டுவிட்டால் பெண்ணைக் கொடுத்த மாதிரி. அதற்கப்புறம் எவனும் பேச்சு மாற மாட்டான்.

"அண்ணே, எங்க மாமா ஒரே கேள்விதான் கேக்கும்," என்று நடேசன் பின்பக்கம் திரும்பினான். "சொத்து இன்னா, நகை இன்னான்னுலாம் கேக்காது. ஆளு எப்பிடின்னு கேக்கும். நான் ஒரே பதில்தான் வச்சிருக்கேன். கல்பூரத்த அணைச்ச கையி மாமா, அதுக்கு மேல இன்னா வேணும் ஒனக்குன்னு கேப்பேன். முடிஞ்சிது."

சாமிக்கண்ணு குளிருக்கு ஒடுக்கிக்கொள்வதுபோல வலது கையைத் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டார்.

அந்தக் கையின் நடுவில் ஒரு காசு அகலத்துக்குத் தோல் உரிந்து, சிவந்த புதுத்தோல் முளைத்திருந்தது. நெல்லும் கரும்பும் அறுத்து அறுத்துச் செருப்புத்தோல் மாதிரி ஆகிப்போன உள்ளங்கையில் அது மட்டும் குழந்தையின் கன்னம்போல இருந்தது. போகிக்கு நான்கு நாளைக்கு முன்னால் வந்த காயம். மார்கழி நடுவில், விளக்கு வைக்கிற நேரத்தில், நடேசனின் சினைப்பசு கரும்புக்கொல்லைப் பக்கம் கிடந்த எதையோ கடித்தது. பன்றிக்கும் நரிக்கும் வைக்கிற வெடி. மேலே வெல்லம் தடவியிருந்தது. பசுவின் வாய் போயிற்று. இரண்டு நாள் அது வாய்க்காலில் நின்று தண்ணீருக்குள் முகத்தை வைத்து வைத்து எடுத்தது. மூன்றாம் நாள் வாய்க்காலிலேயே படுத்துக்கொண்டது.

நாட்டுவெடி வைப்பது ஊர்க்கட்டுக்கு விரோதம். சுற்றுவட்டக் கொல்லைக்காரர்கள் பன்னிரண்டு பேரையும் மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, ஒவ்வொருவனும் உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். பதினோரு பேர் அணைத்தார்கள். பன்னிரண்டாவது ஆளான சாமிநாதன் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எம் பேச்ச நம்புறதுன்னா நம்பு. இல்லன்னா போ. கல்பூரத்துக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டான். அவ்வளவுதான், ஊர் முடிவு கட்டிவிட்டது. அவன் கரும்பை வெட்ட அன்றிலிருந்து ஒரு ஆள் போகவில்லை.

சாமிக்கண்ணு ஐந்தாவது ஆளாகப் போய் அணைத்தார். மற்றவர்கள் பட்டும் படாமலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்தார்கள். அவர் மட்டும் நெருப்பின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே நின்றார். "பாருய்யா ஆளை," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. வெடி வைத்தவர் அவர்தான்.

நான்கு வைத்தார். ஒன்றைப் பசு கடித்தது. இரண்டை அன்றைக்கே ஓடிப்போய்ப் பொறுக்கி எடுத்துவிட்டார். நான்காவது கிடைக்கவே இல்லை. மழையில் ஊறி நமுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். மாட்டுப் பொங்கல் அன்று மேளச் சத்தத்துக்கு நடுவே தூரத்தில் ஒரு வெடி கேட்டபோது, பையன்கள் என்று சொல்லிக்கொண்டார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதை மட்டும் அவர் எப்படி நம்பினாரோ, தெரியவில்லை. முதல் வெடி வெடித்த சாயங்காலம் வீட்டில் இருந்தார். பசுவின் கதறல் அங்கே எட்டவில்லை, வெடிச் சத்தம் மட்டும் எட்டியது. "எங்கியோ கல்யாண வெடி," என்றார் மகளிடம், கேட்காமலே. மார்கழியில் எவன் கல்யாணம் வைப்பான்? கமலவேணி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு விளக்குத் திரியைத் தூண்டினாள். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை புண்ணானபோது தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எதிரில் வைத்துவிட்டுப் போனாள். பூசிவிடவில்லை.

அதோடு போயிருந்தால்கூடச் சரி. சத்தியம் நடந்த மறுநாள் காலையில் நடேசன் வந்து நின்றான். "ஒன்னியுந்தான் மனசுல சந்தேகப்பட்டேன்ணே. பொய் சொல்லக் கூடாது, ரெண்டு நாளு ஒம் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கல. அந்தப் பாவத்துக்குன்னு வச்சிக்கயேன், நம்ம கமலவேணிக்கு ஒரு எடம் பாத்திருக்கேன்," என்றான்.

கார் ஊரைத் தாண்டியது. தையலம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டு, குளிர் முகத்தில் அடிப்பதைப் பொருட்படுத்தாமல் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தாள். நல்ல சகுனம் ஒன்று கண்ணில் படாமல் மங்கலத்து எல்லையை மிதிப்பதில்லை என்று அவள் தீர்மானம். வேலியிலிருந்து ஒரு செம்போத்து இறங்கி, கனத்த வாலை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தது.

"செம்போத்து! வலத்துலேர்ந்து எடத்துக்குப் போவுது. நல்லதுதான?"

"எடத்துலேர்ந்து வலத்துக்குன்னு எங்க ஆயி சொல்லுவா," என்றான் நடேசன். "வேணும்னா வண்டியத் திருப்பி நிறுத்திக்கலாம்க்கா. அப்ப சரியா வந்துடும்."

"ஒனக்கு எல்லாத்துலயும் கேலிதான்." அவளும் சிரித்துவிட்டாள். சாமிக்கண்ணுகூட மீசைக்குள் சிரித்தார். பனி ஏறிய நெற்பயிரின் மேல் கொக்குகள் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றன. வரப்பில் ஒரு கீரி எழுந்து நின்று காரைப் பார்த்துவிட்டுப் பொந்துக்குள் போயிற்று. கீரியும் நல்லதுதான் என்றாள் தையலம்மாள். இப்படியே போனால் எல்லாம் நல்லபடியாகவே முடிந்துவிடும் என்று ஒரு நிமிஷம் அவருக்கும் தோன்றியது.

வாய்க்கால் பாலம் வந்தது. இடது பக்கம் சாமிக்கண்ணுவின் கொல்லை, கரும்பு வெட்டி முடிந்து கட்டைகளாகக் கிடந்தது. அதை ஒட்டிச் சாமிநாதனின் கொல்லை. சுற்றிலும் எல்லாம் வெட்டியாகிவிட்டதால் அது ஒன்றுதான் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. வெட்ட ஆளில்லாமல் முற்றிப் பூவெடுத்து, வெள்ளைப் பூக்கதிர்கள் பனியில் தலைசாய்ந்திருந்தன.

சிங்காரவேலு வேகத்தைக் குறைத்தான். "பெரியவரே, அங்க பாருங்க. வாய்க்காக் கரையில."

பழுப்பும் சாம்பலுமாக ஒரு முதுகு. தொங்குகிற வால்.

"நரி!" தையலம்மாள் அண்ணனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்துப்பா, நிறுத்து, நிறுத்து! முகத்தப் பாக்கணும். வாலப் பாத்து இன்னா பண்றது? முகத்துல முழிக்கணும்."

கார் நின்றது. இருபது அடி தூரத்தில் நரி அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஓடவில்லை.

"ஹாரன் அடிக்கட்டா? திரும்பும்."

"அடிச்சன்னா ஓடியே பூடும்டா. சும்மா இரு," என்று அடக்கினான் நடேசன். பிறகு தலையை வெளியே நீட்டி நாக்கால் 'த்ச், த்ச்' என்று மெதுவாகக் கூப்பிட்டான். "ராசா, இப்பிடித் திரும்பு. பொண்ணு கல்யாணம்டா. ஒரே ஒரு தடவ."

நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். எதையும் நம்பாத சாமிக்கண்ணு அன்றைக்கு அந்த முகத்துக்காகக் கழுத்தை நீட்டினார். திரும்பு, திரும்பு என்று மனசுக்குள் கெஞ்சினார். கமலவேணிக்காக ஒரே ஒரு தடவை.

நரி திரும்பியது.

மேலே நரிதான். நிமிர்ந்த காது, மஞ்சள் கண், ஈரமான மூக்கு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. தாடை இருக்க வேண்டிய இடத்தில் கறுத்து உலர்ந்த ஏதோ தொங்கியது. ஈ மொய்த்தது.

நரி மறுபடி வாய்க்காலுக்குத் திரும்பி, முன்னங்காலை மடக்கி, மூக்கைத் தண்ணீருக்குள் வைத்தது. நிமிர்ந்தது. எடுத்த தண்ணீர் அப்படியே ஒழுகி வாய்க்காலில் விழுந்தது. மறுபடி குனிந்தது.

"முகந்தான? பாத்தாச்சி," என்றாள் தையலம்மாள் அவசரமாக. "முகத்தப் பாத்தா போதும். வண்டிய எடுப்பா."

நடேசன் ஏற்கெனவே இறங்கியிருந்தான். "அதே வெடி," என்றான். அவன் குரல் மாறியிருந்தது. "எம் பசுவுக்கு வச்ச அதே வெடிண்ணே. இப்பிடித்தான நின்னுச்சி அதுவும். இப்பிடியேதான் நின்னுச்சி." பூத்த கரும்பைக் கை நீட்டிக் காட்டினான். "எவங் கொல்லையிலேர்ந்து வந்து நிக்கிது, பாத்தியா? சத்தியம் பண்ண மாட்டேன்னான். ஏன் மாட்டேன்னான்? இதான். இன்னும் வச்சிகினுதான் இருக்கான், பாவி. அவங் கையி அழுகிப் போவ!"

சாமிக்கண்ணு கீழே இறங்கினார். சிங்காரவேலுவின் காலடியில் கிடந்த ஸ்டார்ட்டிங் ராடை எடுத்துக்கொண்டார்.

"அண்ணா, வேணாம். நல்ல காரியத்துக்குப் போறப்ப உசுர எடுக்காத," என்று தங்கை பின்னாலிருந்து அழுகிற குரலில் சொன்னாள்.

அவர் கரையில் இறங்கினார். எங்கே அடித்தால் ஒரே அடியில் முடியும் என்று அவருக்குத் தெரியும். பாம்பு, வெறிநாய், பன்றி எல்லாம் அடித்த கை. பனியில் சில்லிட்டிருந்த இரும்பு உள்ளங்கையின் புதுத்தோலில் நெருப்பைப்போலச் சுட்டது. நான்கு அடி தூரம் வரைக்கும் போனார். நரி விலகவில்லை. அவரைப் பார்த்தது. முகம் பார்க்க வந்தவரின் முகத்தை அது அவசரமில்லாமல் பார்த்தது. அவருக்குக் கை மேலே எழும்பவில்லை. கொல்வதற்குக்கூட ஒரு யோக்கியதை வேண்டியிருக்கிறது என்று நினைத்தார், அல்லது அப்படி எதுவும் நினைக்காமல் சும்மா நின்றார். நரி மெல்லத் திரும்பி, ஊரிலேயே வெட்டாமல் நின்ற அந்த ஒரே கரும்புக்குள் நுழைந்தது. வெள்ளைப் பூக்கள் ஒரு கோடாக அசைந்துகொண்டே போய், ஒரு இடத்தில் நின்றுவிட்டன.

மேலே ஏறி வந்தபோது நடேசன் இன்னும் சாமிநாதனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"சாமிநாதன் வைக்கல," என்றார்.

"இன்னாண்ணே?"

"அவன் வைக்கலடா."

"பின்ன யாரு?"

இரண்டு வார்த்தைதான். நான்தான்டா வச்சேன். நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. கார் ஜன்னலில் தையலம்மாளின் கண்கள் விரிந்து அவரையே பார்த்தன. அவளுக்குத் தெரியாது, ஆனால் ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. கதவிடுக்கில் தெரிந்த புடவைத் தலைப்பு சாமிக்கண்ணுவின் கண் முன்னால் வந்தது. ஐந்தாவது இடம். இதுவும் போனால் ஆறாவதாக எவன் வருவான்?

"எனக்கு இன்னா தெரியும்," என்றார்.

நடேசன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவர் கையைப் பார்த்தான். பிறகு அந்தக் கையிலிருந்து ராடை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"நடுங்குதுண்ணே," என்றான். முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

பாகூர் ஏரிக்கரை வந்தது. மழை நன்றாகப் பெய்த வருஷம். தண்ணீர் கரையின் கழுத்து வரைக்கும் நின்றது. பனி விலக விலக ஏரி முழுக்கப் பறவைகள் தெரிந்தன. "அதோ கூழைக்கடா, எத்தன பாரு," என்றாள் தையலம்மாள். "முக்குளிப்பான். அந்தாண்ட சிறகி." நெற்றியில் வெள்ளை தீட்டிய கறுப்புக் கோழிகள் கூட்டமாக மிதந்தன. "நாமக்கோழி," என்றாள். வேறு நாளாக இருந்தால் யார் யாருக்கு நாமம் போட்டார்கள் என்று நடேசன் அங்கேயே ஒரு கதை கட்டியிருப்பான். அவன் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பிடரி மட்டும் சாமிக்கண்ணுவுக்குத் தெரிந்தது. கரிக்கலாம்பாக்கம் தாண்டி மங்கலம் வரும்வரை அந்தப் பிடரி திரும்பவில்லை. ஒரு முறை திரும்பித் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. கேட்டால் இல்லை என்று சொல்லவும் தெம்பில்லை, ஆமாம் என்று சொல்லவும் தெம்பில்லை.

மங்கலத்து வீடு நல்ல வீடு. பொய் சொல்லக் கூடாது. கிணறு, இரண்டு ஜோடி மாடு, வெயிலில் உலர்த்திய நெல், எல்லாம் உழைக்கிற கையின் சுத்தம். பையன் வந்து கும்பிட்டான். கும்பிட்ட கையில் காப்பு காய்த்திருந்தது. குறை கண்டுபிடிப்பதற்கென்றே எங்கேயும் போகிற சாமிக்கண்ணுவுக்கு அந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"நரி முகத்துல முழிச்சிட்டு வரோம்," என்று தையலம்மாள் படியேறும்போதே அறிவித்தாள். பெண்டுகள் பக்கம் ஒரே சந்தோஷம். "பொண்ணு ராசிதான்," என்று யாரோ சொன்னார்கள்.

சின்னப்பிள்ளை பாயை விரித்து எல்லோரையும் உட்காரவைத்தார். காபி குடித்து முடித்ததும், நடேசன் சொன்னபடியே ஒரே கேள்விதான் கேட்டார்.

"சம்பந்தம் பண்ற ஆளு எப்பிடி நடேசா?"

சாமிக்கண்ணு தரையைப் பார்த்தார். அடி விழப்போகிற மாடுபோல அந்த வார்த்தைக்காக முதுகை இறுக்கிக்கொண்டார்.

"மூணு காணி நெலம் மாமா. பம்புசெட்டு இருக்குது. சொந்த உழவு," என்றான் நடேசன். "பொண்ணு தங்கம். அது கையால சாப்ட்டிருக்கேன். தாயில்லாம வளந்த புள்ள, யார் மனசும் நோவப் பேசாது. அதப் பத்தி நான் எங்க வேணாலும் சொல்லுவேன்."

அவ்வளவுதான். கற்பூரம் வரவில்லை. சின்னப்பிள்ளை தலையை ஆட்டினார். அவருக்கு அது போதுமாக இருந்தது. அந்த வார்த்தை வந்திருந்தால் அடி ஒன்றோடு போயிருக்கும் என்று சாமிக்கண்ணுவுக்குத் தோன்றியது. பெண்ணுக்காக மட்டும் பேசி, தகப்பனைத் தாண்டிப் போய்விட்டான்.

உள்ளே இலை போட்டார்கள். நான்கு இலை. நான்காவது தனக்குத்தான் என்று தெரிந்து சிங்காரவேலு தையலம்மாளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். சின்னப்பிள்ளை தானே ஒரு செம்பு தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்கட்டு வாழையடிக்கு வந்து நின்றார்.

"வாங்க, கைய நனைங்க. பெரியவங்க மொதல்ல. நடேசா, நீயும் வாடா."

நடேசன் தூணோரமாக நின்றான். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான்.

"அண்ணன் நனைக்கட்டும் மாமா," என்றான். வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதிலிருந்து முதல் முறையாகச் சாமிக்கண்ணுவை நேராகப் பார்த்தான். "அவரு நனைச்சிட்டார்னா நானும் நனைக்கிறேன்."

சாமிக்கண்ணு கையை நீட்டினார். வெயிலில் அந்தச் சிவந்த வட்டம் பளிச்சென்று தெரிந்தது. "இன்னாங்க, சுட்டுகினீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சின்னப்பிள்ளை செம்பைச் சாய்த்தார். தண்ணீர் ஜில்லென்று உள்ளங்கையில் விழுந்து, நிரம்பி, விரலிடுக்கால் வழிந்தது. விரல்களை இறுக்கிப் பார்த்தார். நிற்கவில்லை. செம்பு காலியாகும் வரைக்கும் அவர் கையை எடுக்கவுமில்லை, கழுவவுமில்லை.

"நடேசா," என்றார். அவருக்கே கேட்காத குரல்.

நடேசன் தூணைவிட்டு அசையவில்லை. கையையும் அவிழ்க்கவில்லை. "சொல்லுண்ணே," என்றான்.

உள்ளேயிருந்து தையலம்மாள், "சோறு ஆறுது, வாங்களேன்," என்று கூப்பிட்டாள். சின்னப்பிள்ளை வெறும் செம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நீட்டிய கையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வாழையடியில் தேங்கிய அந்தச் சிறிய குட்டையில் ஒரு தவிட்டுக்குருவி வந்து உட்கார்ந்தது. குனிந்து ஒரு வாய் எடுத்தது. தலையை வானத்துக்கு நிமிர்த்தி, கண்ணை மூடி, விழுங்கியது.